ஸ்டாலின்கிராடுக்குப் போக 128 எம்பி போதும்

வோல்கா ஆற்றில் படகு நகர்கிறது. மேலே ஜெர்மானிய ஸ்டூகா விமானங்கள் தாழப் பறந்து சுட்டுத் தள்ளுகின்றன. பக்கத்துப் படகுகள் அடிபடுகின்றன. கரை சேர்ந்ததும் வரிசையில் நிற்கும் வீரர்களில் ஒருவனுக்குத் துப்பாக்கி, அடுத்தவனுக்கு ஒரு கொத்துத் தோட்டா எனப் பங்கீடு நடக்கிறது. ஆடுபவரின் கைக்கு வருவது தோட்டா மட்டும். துப்பாக்கிச் சண்டைக்காகவே வாங்கிய விளையாட்டில், துப்பாக்கி இல்லாமல், மறைவிலிருந்து மறைவுக்கு ஓடி மேட்டைக் கடக்க வேண்டும்.

2003 அக்டோபரில் வெளிவந்த முதல் 'கால் ஆஃப் டூட்டி'யில் வரும் காட்சி இது. 2001-இல் வந்த 'எனிமி அட் த கேட்ஸ்' படத்தின் தாக்கம் அப்பட்டமாகத் தெரியும். இருவருக்கு ஒரு துப்பாக்கி என்ற சித்திரம் மிகைப்படுத்தப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் இருபது வருடங்களுக்கும் மேலாகிவிட்ட பிறகு, முகங்கள் மரப்பாச்சி மாதிரி தெரியும் அந்தப் பழைய கிராபிக்ஸிலும், அந்தச் சில நிமிடங்களின் கையறு நிலை ஆடுபவரை இன்னும் பிடித்து உலுக்குகிறது. அதே தொடரில் பின்னால் வந்த பல விளையாட்டுகள் பளபளப்பில் இதைவிட எத்தனையோ மடங்கு மேல். ஆனால் ஆடுபவரின் கையை இப்படி வெறுமையாக விட அவற்றுக்குத் துணிச்சல் வந்ததில்லை.

பழைய போர் விளையாட்டுகளில் இன்றும் ஆடத் தகுந்தது எது என்று தேடுகிறவர்கள் பொதுவாக இரண்டு வழிகளில் போகிறார்கள். ஒன்று, வெளிவந்த காலத்தில் வாங்கிய மதிப்பெண். மற்றது, பள்ளிக்கூடக் காலத்து ஞாபகம். இரண்டையும் நம்ப முடியாது. அந்தக் கால மதிப்பெண்ணில் பாதி, அன்று புதிதாகத் தெரிந்த வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் போட்டது. ஞாபகமோ விளையாட்டைப் பற்றியதைவிட, கூட உட்கார்ந்து ஆடிய நண்பர்களைப் பற்றியதாகவே இருக்கும். அதைவிட உருப்படியான கேள்வி ஒன்று உண்டு: இந்த விளையாட்டு ஆடுபவரை எதைச் செய்ய வைத்தது? பின்னால் வந்தவை அதை எடுத்துக்கொண்டு இன்னும் நன்றாகச் செய்துவிட்டனவா, இல்லை வழியிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டனவா? எடுத்துக்கொள்ளப்பட்டவை அருங்காட்சியகப் பொருட்கள்; மரியாதையோடு ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம். கைவிடப்பட்ட யோசனைகள் இருக்கும் இடத்தில்தான் இன்றைக்கும் ஆட விஷயம் இருக்கிறது.

தனியாளாக ஆடும் விளையாட்டுகளைப் பற்றி மட்டும் இங்கே பேசக் காரணம் உண்டு. பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு, அதன் சர்வர் மூடப்படும் நாளில் செத்துவிடும். கேம்ஸ்பை நிறுவனத்தின் சேவை 2014 மே மாத இறுதியில் நின்றபோது பல பழைய விளையாட்டுகளின் இணைய ஆட்டம் அதோடு முடங்கியது. சில வேறு சர்வர்களைத் தேடிப் பிழைத்தன. தனியாள் ஆட்டத்துக்கு அந்தக் கவலை கிடையாது. ஆடுபவரும் கணினியும் இருந்தால் போதும். கணினியும் பெரிதாக வேண்டாம்: முதல் 'கால் ஆஃப் டூட்டி' கேட்டது 128 எம்பி ராம். 2019-இல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர்', இணைப்புகளோடு சேர்ந்து ஹார்ட் டிஸ்கில் 200 ஜிபிக்கு மேல் இடம் பிடித்துக்கொண்டது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலக லேப்டாப்பில் ஓடும் நல்ல விளையாட்டு வேண்டுமென்றால், 1998-க்கும் 2008-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுதான் வளமான நிலம்.

அந்தப் பத்தாண்டைத் தொடங்கிவைத்ததில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்குப் பெரும் பங்கு உண்டு. 'சேவிங் பிரைவேட் ரையன்' வேலையில் இருந்த காலத்தில், தன் மகன் 'கோல்டன்ஐ 007' ஆடுவதைக் கவனித்த அவருக்கு, இரண்டாம் உலகப் போரை இளைஞர்களிடம் கொண்டுசெல்ல இதுவும் ஒரு வழி என்று தோன்றியது. அவருடைய ட்ரீம்வொர்க்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் 1999-இல் பிளேஸ்டேஷனுக்காக 'மெடல் ஆஃப் ஹானர்' விளையாட்டை உருவாக்கியது. படத்துக்கு ராணுவ ஆலோசகராக இருந்த டேல் டை விளையாட்டுக்கும் ஆலோசகரானார். இசை, அப்போது அதிகம் அறியப்படாத மைக்கேல் ஜியாக்கினோ. பிற்பாடு 'அப்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். அதே வருடம் ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்துவிடவே, விளையாட்டிலிருந்து ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். அதுவரை கணினித் துப்பாக்கி விளையாட்டு என்றால் பேய்களும் வேற்றுக்கிரகவாசிகளும். 1992-இன் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி'யில் நாஜிகள் உண்டு என்றாலும், இயந்திரக் கவசம் பூட்டிய ஹிட்லரைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டைப் போர் வரலாறு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கணினிக்கு இந்தத் தொடர் வந்தது 2002 ஜனவரியில், 'மெடல் ஆஃப் ஹானர்: அலைட் அசால்ட்' வழியாக. செய்தது ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரிலிருந்த '2015' என்ற சிறு நிறுவனம். இதன் ஓமாஹா கடற்கரைக் கட்டம் அன்று உலகத்தையே வாய்பிளக்க வைத்தது. தரையிறங்கு படகின் கதவு திறக்கிறது, இயந்திரத் துப்பாக்கி பொழிகிறது, தடுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி ஓட வேண்டும். இன்று அதை ஆடினால்? மரியாதை வருகிறது, பயம் வரவில்லை. காரணம் எளிது. அந்தக் கடற்கரையைப் பின்னால் வந்தவர்கள் எத்தனையோ முறை, அதைவிடப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். சொல்லப்போனால் கட்டியவர்களில் பலரே அங்கிருந்து போனவர்கள்தான். '2015'-ஐ விட்டு விலகிய இருபத்திரண்டு பேர் சேர்ந்து தொடங்கியதுதான் 'கால் ஆஃப் டூட்டி'யைப் படைத்த இன்ஃபினிட்டி வார்டு. 'அலைட் அசால்ட்'டின் பின்பகுதியில் மழையில் நனைந்த ஓர் இடிந்த ஊர் வருகிறது. ஜன்னலுக்கு ஜன்னல் ஒளிந்த ஸ்னைப்பர்கள், கண்ணுக்குத் தெரியும் முன்பே குறி தவறாமல் சுடுவார்கள். பொறுமையைச் சோதிக்கும் இந்த மாதிரிக் கட்டத்தை 'அந்தக் காலத்துச் சவால்' என்று புகழ வேண்டியதில்லை. அது அன்றைக்கும் மோசமான வடிவமைப்புதான்.

இன்ஃபினிட்டி வார்டின் முதல் விளையாட்டு இதற்கு எதிர்த்திசையில் போனது. தனி ஒருவன் உளவாளி மாதிரி கோட்டைக்குள் புகுந்து ஊரையே அழிப்பதற்குப் பதில், அமெரிக்க, பிரிட்டிஷ், சோவியத் வீரர்கள் என்று மூன்று பேரின் கண் வழியே போர் நகர்கிறது. சுற்றிலும் எப்போதும் கூட்டம். ஆடுபவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். 1944 ஜூன் 6 நள்ளிரவில் மேஜர் ஜான் ஹவர்டின் ஆட்கள் கிளைடர்களில் இறங்கிப் பிடித்த பெகாசஸ் பாலம் இதில் வருகிறது. பிடிப்பது சுலபம். விடிந்த பிறகு உதவிப்படை வரும்வரை கையில் வைத்திருப்பதுதான் பாடு. 1942-இல் சில சோவியத் வீரர்கள் இரண்டு மாதம் தாக்குப்பிடித்த பாவ்லோவ் வீடும் வருகிறது. மாடிக்கு மாடி ஓடி, ஒரு ஜன்னலில் டாங்கிக்கும் மறு ஜன்னலில் காலாட்படைக்கும் பதில் சொல்ல வேண்டும். உடல்நிலை தானாகத் தேறாது. மருந்துப் பெட்டி கண்ணில் பட்டால் உண்டு. அதனால் ஒவ்வொரு குண்டுக்கும் விலை இருக்கிறது. மொத்தமே ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். அந்தச் சுருக்கமும் ஒரு சிறப்பு.

2005-இல் வந்த இரண்டாம் பாகத்தின் கதை கொஞ்சம் சிக்கல். சற்று நேரம் பதுங்கினால் காயம் தானே ஆறிவிடும் முறையைப் போர் விளையாட்டுகளில் நிலைநிறுத்தியது இதுதான். அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆக, அந்த அம்சம் அருங்காட்சியகப் பக்கம் போய்விட்டது. ஆனால் இதில் புகைக்குண்டு இருக்கிறது. இயந்திரத் துப்பாக்கி முன்னால் ஒரு குண்டை உருட்டி, புகை அடர்ந்து பரவும்வரை காத்திருந்து, கண் தெரியாத வெண்மைக்குள் ஓடும் அந்த உத்தியைப் பின்னால் வந்த பாகங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சில கட்டங்களில் எந்த வீட்டை முதலில் பிடிப்பது என்பதும் ஆடுபவர் விருப்பம். தொடக்கக் காட்சி தனி ரகம்: மாஸ்கோவில் பயிற்சிக்குக் கைக்குண்டு பற்றாக்குறை, உருளைக்கிழங்கை எறிந்து பழகச் சொல்கிறார்கள். போர்க் கொடுமைக்கு நடுவில் இப்படி ஒரு வறட்டுச் சிரிப்பு, பின்னாளில் இந்தத் தொடரிலிருந்து காணாமல் போயிற்று.

சரி, கைவிடப்பட்ட யோசனை என்றால் என்ன என்று ஒரே ஒரு விளையாட்டைக் காட்டி விளக்கச் சொன்னால், 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்: ரோட் டு ஹில் 30' என்று தயங்காமல் சொல்லலாம். டெக்சாஸின் கியர்பாக்ஸ் நிறுவனம் செய்து, 2005 மார்ச்சில் வெளிவந்தது. நார்மண்டியில் பாராசூட்டில் குதித்த அமெரிக்காவின் 101-வது வான்வழிப் படைப் பிரிவைச் சேர்ந்த மேட் பேக்கர் என்ற சார்ஜென்ட்தான் நாயகன். கதை ஜூன் 6-இல் தொடங்கி எட்டே நாளில் முடிகிறது. தலைமைப் பொறுப்பை அவன் கேட்கவில்லை. தலையில் வந்து விழுகிறது.

இந்த விளையாட்டில் ஓடிப்போய்ச் சுட்டால் செத்துப்போவீர்கள். துப்பாக்கி கையில் ஆடுகிறது, குறி பார்த்துச் சுட்டாலும் பாதி தவறுகிறது. பழக்கமில்லாதவர்கள் முதல் அரைமணி நேரத்தில் இதைக் கோளாறு என்றே நினைப்பார்கள். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். எதிரி எங்கே என்று கண்டுபிடி, தொடர்ந்து சுட்டு அவனை அங்கேயே தலைதூக்க விடாமல் அமுக்கு, பக்கவாட்டில் சுற்றிப் போ, முடித்துவிடு: அமெரிக்கக் காலாட்படையின் இந்த நான்கு படிப் பாடம்தான் விளையாட்டின் முதுகெலும்பு. எதிரிக் கூட்டத்தின் தலைக்குமேல் ஒரு சிவப்பு வட்டம் தெரியும். உங்கள் ஆட்களில் ஒரு குழுவை அவர்களை நோக்கிச் சுடச் சொன்னால், வட்டம் மெல்லச் சாம்பல் நிறமாகும். முழுக்கச் சாம்பலாகிவிட்டால் அவர்கள் குனிந்து கிடக்கிறார்கள் என்று பொருள். அந்த இடைவெளியில் இன்னொரு குழுவோடு வேலியோரமாகச் சுற்றிப் போய்ப் பக்கத்திலிருந்து தாக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நார்மண்டியின் உயரமான புதர்வேலிகளுக்கு இடையே, எந்தச் சந்து எங்கே திறக்கிறது என்று தெரியாமல், மூன்று பேரை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும்போது, சதுரங்கமும் துப்பாக்கிச் சண்டையும் ஒன்றாகக் கலந்த ஒரு பதற்றம் உண்டாகிறது. அந்தப் பதற்றம் இன்றைய பெரிய விளையாட்டுகளில் அபூர்வம். அவற்றில் பெரும்பாலானவை கோயில் தரிசன வரிசையின் கம்பித் தடுப்புக்குள் நகர்வது மாதிரி. வழி ஒன்றுதான், நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் போதும்.

கர்னல் ஜான் ஆன்டல் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஆலோசகராக இருந்தார். போர்க்காலத்து வான்வழிப் புகைப்படங்களைப் பார்த்து வயல்களையும் சாலைகளையும் வரைந்தார்கள். 1944 ஜூன் 11 அன்று கரந்தான் ஊருக்கு அருகே லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் கோல், துப்பாக்கி முனைக் கத்தியைப் பூட்டச் சொல்லித் தன் ஆட்களோடு பாய்ந்த தாக்குதல் நிஜத்தில் நடந்தது. அதற்காக அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. அதை வாங்க அவர் உயிரோடு இல்லை. அந்த செப்டம்பரில் நெதர்லாந்தில் ஸ்னைப்பர் குண்டுக்குப் பலியானார். விளையாட்டில் அந்தப் பாய்ச்சலில் பேக்கரும் ஓடுகிறான். ஒரே கட்டத்தில் பலமுறை தோற்றுப்போனால், போர்தான் நியாயமாக இருக்காது, விளையாட்டாவது இருக்கட்டுமே என்ற தொனியில் ஒரு செய்தி வந்து, குழுவினரின் காயத்தை ஆற்றித் தருகிறது. கடினமான விளையாட்டு ஒன்று இவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொள்வது இன்றும் புதிது. அதே வருடம் வந்த 'ஏர்ன்ட் இன் பிளட்' இன்னும் கடினம், எதிரிகளும் சுற்றி வருவார்கள். 2008-இன் 'ஹெல்ஸ் ஹைவே' பார்க்க அழகு, ஆனால் நாடகம் கூடி யோசனை குறைந்தது.

இதற்கு நேர் எதிரான மண்ணில் விளைந்தது 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட்: கோல்டு வார் கிரைசிஸ்'. பிராக் நகரத்தின் போஹேமியா இன்டராக்டிவ் செய்து, 2001-இல் வெளிவந்தது. 1985-இல் கற்பனைத் தீவுகள் சிலவற்றில் அமெரிக்கப் படையும் சோவியத் படையும் மோதிக்கொள்கின்றன. அன்றைக்கு மற்றவர்கள் அறை அறையாகக் கட்டிக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஒரு தீவையே முழுதாகக் கொடுத்துவிட்டார்கள். எதிரி என்பவன் தொலைவில் மலைச்சரிவில் நகரும் நாலைந்து புள்ளி. சுடலாமா, அது நம் ஆளா என்று யோசிக்கும் முன்பே ஒரு குண்டு வந்து ஆட்டம் முடிந்துவிடும். கையில் வரைபடம், திசைகாட்டி, கைக்கடிகாரம். ஒரு மிஷனுக்கு ஒரே ஒரு தடவைதான் சேவ் செய்யலாம். அதை எப்போது பயன்படுத்துவது என்பதே ஒரு முடிவு.

மோன்டிஞ்ஞாக் என்ற ஊர்ச் சண்டைக்குப் பிறகு வரும் மிஷன், இந்த வகை விளையாட்டுகளின் வரலாற்றில் தனி இடம் பிடித்தது. தோற்றாயிற்று. கூட்டாளிகள் இல்லை. ஆம்ஸ்ட்ராங் என்ற சாதாரணச் சிப்பாய் மட்டும் காட்டுக்குள். சோவியத் ரோந்துப்படை தேடிக்கொண்டிருக்கிறது. சண்டை போடுவது முட்டாள்தனம். தவழ்ந்து, மரத்தோடு மரமாக நின்று, திசை பார்த்துத் தப்பிக்க வேண்டும். இதை ஆடும்போது சுடாமல் இருப்பதுதான் வெற்றி. 'ஃப்ளாஷ்பாயின்ட்'டின் அடித்தளத்தைக் கொண்டு உருவான விபிஎஸ்1 என்ற மென்பொருளை அமெரிக்க மரைன் படையும் ஆஸ்திரேலிய ராணுவமும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. குறைகளையும் சொல்லிவிட வேண்டும்: கட்டளை கொடுப்பதற்கு எண் விசைகளோடு மல்லுக்கட்ட வேண்டும், கதவைத் திறக்கக்கூட ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும், குரல் நடிப்பு அறிவிப்புப் பலகையை வாசிக்கிற மாதிரி இருக்கும். முதல் சில மணி நேரம் இதைச் சகித்துக்கொள்ள முடியாதவர்கள் தாராளமாக விலகிப் போகலாம். பின்னால் பெயருரிமை கைமாறியதால் 2011 முதல் இது 'ஆர்மா: கோல்டு வார் அசால்ட்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. பழைய பெயரில் தேடி ஏமாறுகிறவர்களுக்காக இந்தத் தகவல்.

இந்தியாவில் இந்த வகை விளையாட்டு என்றதும் பலர் வாயில் முதலில் வரும் பெயர் இதில் எதுவும் இல்லை. 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ'. 2000 டிசம்பரில் நார்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ் செய்து, ஐடாஸ் வெளியிட்டது. மேற்கில் சுமாரான வரவேற்பு. இங்கேயோ, பிரவுசிங் சென்டர் கணினிகளிலும், கைமாறிக் கைமாறிக் கீறல் விழுந்த சிடிகளிலும் ஒரு தலைமுறையே அதைக் கற்றுத் தேறியது. இன்னர்லூப் அதற்கு முன் 'ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர்' என்ற போர்விமான விளையாட்டைச் செய்திருந்தது. அந்த எஞ்சினையே இதற்கும் போட்டதால், பறக்கும் விமானத்துக்காக வரைந்த பரந்த நிலம் நடந்து போகிறவனுக்கும் கிடைத்தது. மேட்டில் படுத்து, பைனாகுலரில் முகாமை நோட்டம் விட்டு, செயற்கைக்கோள் வரைபடத்தில் காவலர்களின் இடத்தைப் பார்த்து, கம்பியில் தொங்கிச் சறுக்கி உள்ளே இறங்கும் டேவிட் ஜோன்ஸை மறந்தவர்கள் குறைவு.

இப்போது ஆடலாமா? ஞாபகத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் விடை பாதிப் பாதி. இடையில் சேவ் கிடையாது. செத்தால் மிஷனின் ஆரம்பத்திலிருந்து. இதுவும் இன்று யாரும் தொடத் துணியாத யோசனைதான், திட்டம் போடும் வேலையை அது உயிருள்ளதாக்குகிறது. ஆனால் அலாரம் அடித்ததும் ஒரு சிறு கட்டடத்துக்குள்ளிருந்து முடிவேயில்லாமல் காவலர்கள் கொட்டுவதும், எதிரில் நின்றாலும் கவனிக்காத காவலன் அடுத்த நிமிடம் கழுகுக்கண் பெறுவதும் இன்று வெறுப்பேற்றும். முதல் நாலைந்து மிஷன்களை ஆடிவிட்டு நல்ல பெயரோடு விடைபெறுவது உத்தமம். 2003-இல் வந்த இரண்டாம் பாகம் அளவோடு சேவ் தருகிறது. அமைப்பிலும் சற்று ஒழுங்கு.

செக் நாட்டுக்காரர்களின் கைவண்ணம் இன்னொன்றும் உண்டு. பிர்னோ நகரத்தின் டெரொடான், 'மாஃபியா' புகழ் இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸோடு சேர்ந்து 2003-இல் கொடுத்த 'வியட்காங்'. அமெரிக்கச் சிறப்புப் படையின் சார்ஜென்ட் ஹாக்கின்ஸ், கம்போடிய எல்லைப் பக்கத்து முகாம் ஒன்றுக்கு வந்து சேர்கிறான். காட்டுக்குள் போகும்போது முன்னால் நடப்பவன் நூத் என்ற உள்ளூர்க்காரன். அவன் நின்றால் நிற்க வேண்டும். கால் வைக்கிற இடத்தில் கண்ணி இருப்பதைக் கண்டுபிடிப்பவன் அவன்தான். பச்சைக்குள் பச்சையாகக் கலந்துநிற்கும் எதிரி, சுடும் தீப்பொறி தெரிந்தால்தான் உண்டு. ஒரு கைத்துப்பாக்கியோடு சுரங்கத்துக்குள் தவழும் கட்டங்கள், மூச்சுத் திணறலுக்குப் பழகாதவர்களுக்கு ஆகாது. வியட்நாம் போரை ஹெலிகாப்டர், ராக் பாட்டு என்று காட்டிய விளையாட்டுகள் ஏராளம். இப்படி நடையும் காத்திருப்புமாகக் காட்டியது இதுதான். இரண்டாம் பாகம் 1968-இன் ஹுவே நகருக்குப் போனது. காடு போனதும் உயிரும் போய்விட்டது.

இந்தப் பழைய விளையாட்டுகள் யாருடைய போரைச் சொல்கின்றன என்பதும் கண்ணில் உறுத்தும். இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் படையில் இருந்தார்கள். எல் அலமைனிலும் துனிசியாவிலும் 4-வது இந்தியப் பிரிவு போரிட்டது. அதே வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நடக்கும் 'கால் ஆஃப் டூட்டி 2'-இன் பகுதி முழுக்க பிரிட்டிஷ் டாங்கிப் பிரிவுக்காரர்களின் கதை. 2003-இன் 'மெடல் ஆஃப் ஹானர்: ரைசிங் சன்' சிங்கப்பூருக்கு வருகிறது, குவாய் ஆற்றுப் பாலத்துக்கும் வருகிறது. ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்காக மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டு, பெரும் எண்ணிக்கையில் மாண்டார்கள். மலேசியத் தமிழர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்றே அழைக்கிறார்கள். விளையாட்டுக்கு அந்தப் பாலம் வெடிவைத்துத் தகர்க்க வேண்டிய ஓர் இலக்கு, அவ்வளவே. விளையாட்டாகவும் அது சுமார்தான், பேர்ல் ஹார்பரில் தொடங்கும் முதல் கட்டத்தின் விறுவிறுப்பு பிறகு வருவதில்லை.

தேர்ந்தெடுத்தாயிற்று என்று வைத்துக்கொண்டால், அடுத்த தலைவலி ஓட வைப்பது. பரணிலிருக்கும் பழைய டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கிறவர்கள் பலருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அந்தக் காலத்தில் நகலெடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டைப் பல நிறுவனங்கள் போட்டன. அது விண்டோஸின் அடியாழத்தில் நுழைந்து வேலை செய்வதால் பாதுகாப்புக்கு ஓட்டை என்று சொல்லி, 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதை அனுமதிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அன்றோடு வெறும் வட்டத் தகடு. கைக்கு வந்த இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்வது வைரஸை வீட்டுக்கு அழைப்பது. நேரான வழி, பூட்டு நீக்கிய பதிப்பை வாங்குவது. போலந்தில் 2008-இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி தளம் பெயர் வாங்கியதே பழைய விளையாட்டுகளைப் பூட்டில்லாமல், புது விண்டோஸில் ஓடும்படி செய்து விற்றுத்தான். 'அலைட் அசால்ட்' அதன் இரண்டு இணைப்புகளோடு அங்கே கிடைக்கிறது. 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' தொடரும் கிடைக்கிறது. முதலிரண்டு 'கால் ஆஃப் டூட்டி'க்கு ஸ்டீம். பண்டிகைக் காலத் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் விலை வெகுவாக இறங்கும்.

ஓடிய பிறகும் படம் இழுத்து நீட்டிய மாதிரி, எல்லாரும் குண்டாகத் தெரியலாம். பழைய மானிட்டரின் 4:3 சட்டத்துக்காக வரைந்ததை இன்றைய அகலத் திரை இழுப்பதால் வரும் கோளாறு அது. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ரசிகர்களே திருத்தம் எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். எந்த விளையாட்டுக்கு எது தேவை என்பதை பிசி கேமிங் விக்கி என்ற தளம் வரி வரியாகச் சொல்லும். பழைய டைரக்ட்எக்ஸ் கட்டளைகளைப் புதிய கார்டுக்குப் புரியவைக்க டிஜிவூடூ என்ற சிறு நிரல் உண்டு. இன்றைய கணினியின் வேகத்தில் சில பழைய எஞ்சின்கள் தடுமாறும். பிரேம் வேகத்தை 60-க்குக் கட்டிப்போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். 'பிளாக்' போன்ற சில, பிளேஸ்டேஷன் 2-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் மட்டுமே வந்தவை. கணினியில் தேடுவது வீண்.

தள்ளிப்போட்டால் கிடைக்காமலும் போகலாம். பெர்லினின் யாகர் நிறுவனம் 2012-இல் செய்த 'ஸ்பெக் ஆப்ஸ்: த லைன்' மணலில் புதைந்த துபாயில் நடக்கிறது. ஆடுபவரின் கையாலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டை வீசவைத்து, புகை அடங்கியதும் யார் மேல் விழுந்தது என்று நடந்து போய்ப் பார்க்கவைக்கும் விளையாட்டு. சுடும் பகுதி சாதாரணம், ஆனால் அந்தக் கேள்வியை அத்தனை கூர்மையாகக் கேட்ட பெரிய விளையாட்டு வேறில்லை. உரிமங்கள் காலாவதியானதால் 2024 ஜனவரியில் கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். முன்பே வாங்கியவர்கள் இறக்கிக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. போர் விளையாட்டுகளில் நிஜத் துப்பாக்கிகள், நிஜ வாகனங்கள், பாட்டுகள் என்று உரிமம் வாங்கிச் சேர்க்கும் பொருள் அதிகம் என்பதால் இந்த ஆபத்தும் அதிகம்.

இதுவரை இந்த வகையைத் தொடாதவர் முதல் 'கால் ஆஃப் டூட்டி'யில் நுழையலாம். சுருக்கம், தெளிவு, வயதாகாத வேகம். ரத்தம் குறைவு என்பதால் பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் சங்கடமில்லை. 2008-இன் 'வேர்ல்ட் அட் வார்' அப்படியில்லை, கைகால் சிதறும். சண்டையைவிட யோசிப்பதில் ருசி உள்ளவர் நேராக 'ரோட் டு ஹில் 30'-க்குப் போய்விடலாம், அரைமணி நேரம் பொறுத்துக்கொண்டால் போதும். 'ஃப்ளாஷ்பாயின்ட்' கடைசியாக, ஒரு நீண்ட விடுமுறைக்கு. அதைத் தொடங்கும் முன் விசைகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. படுப்பதற்கும் எழுவதற்கும் எந்த விசை என்று தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சுட்டுவிடுவார்கள்.